ஐஸ் பெட்டியில் அண்டார்டிகாக் கல்

டிரான்ஸ்பார்மர் வெடித்து ஊர் முழுக்கக் கரண்டு போன அன்றுதானா கல்லூரி ஜெனரேட்டருக்கும் டீசல் இல்லாமல் போக வேண்டும்? கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆய்வக உறைபெட்டிக்குள் இருந்தது என் பேராசிரியர் அண்டார்டிகாவிலிருந்து கொண்டுவந்த மணற்கல். அதிலும் மிச்சமிருந்த ஒரே துண்டு.

பார்த்தால் வெறும் கல். உடைத்தால் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே பச்சையாக ஒரு மெல்லிய கோடு ஓடும். வெளியே இருந்தால் குளிர்காற்று கொன்றுவிடும் என்று மணல் இடுக்குக்குள் குடியிருக்கும் பாசியும் பூஞ்சையும் அவை. கோடையில் கொஞ்சம் பனி உருகிக் கசிந்தால் குடிக்கும், மறுபடி உறைந்து கிடக்கும். அவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நான் வளர்த்துக் காட்டினால்தான் பட்டம். இல்லாவிட்டால் இத்தனை வருஷப் பாடும் மண்.

கருங்கல் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு முட்டம் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளாண்டில் வேலை. அங்கே சொந்த ஜெனரேட்டர் உண்டு. கிருமி நீக்கிய உறைக்குள் கல்லை ஒட்டி மூடி, ஓடிப்போய் அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணே, இந்தக் கல்லுக்குள்ள உயிரு இருக்கு. இதுக்குக் குளிரு விடப்பிடாது."

"நீ சமாதானமா போ மக்களே. மீனப் போலப் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் பெட்டியைத் திறந்து பெருமையாகக் காட்டினார். நொறுக்கிய ஐஸுக்குள் கல் உறையில்லாமல் கிடந்தது. மேலே சாளை மீனின் செதில் ஒட்டியிருந்தது.

"கவரு எங்கண்ணே?"

"கிழிச்சிப் போட்டேன். கவருக்குள்ள இருந்தா குளிரு பிடிக்குமா? ஐஸு மேல படணும். ரெண்டு கை உப்பும் வாரிப் போட்டிருக்கேன், ஒரு வாரமானாலும் கெடாது."

"என் படிப்புல மண்ணள்ளிப் போட்டீரே அண்ணே" என்று கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. ஒன்றும் புரியாமல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். "கழுவிக்கிடலாம் மக்களே, நல்ல தண்ணிதான்."

மணற்கல் தண்ணீரைக் குடிக்கும், கூடவே மீன் கிருமியும் உள்ளே போய்விடும் என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மேல்தோலைச் சீவிவிட்டு உள்ளே இருப்பதை வளர்த்துப் பார் என்றார் பேராசிரியர், நம்பிக்கையே இல்லாத குரலில். சீவினேன். பொடித்து ஆய்வக வளர்ப்புத் தட்டுகளில் இட்டுக் குளிரில் வைத்தேன். கல்லுக்குள் இருப்பவை தலைகாட்ட மாசக்கணக்கு ஆகும். சீக்கிரம் எது வளர்ந்தாலும் அது மீன் பெட்டியிலிருந்து வந்தது. ஏதாவது வளராதா என்று வருஷக்கணக்காகக் கும்பிட்டவள், இப்போது வளராதே, வளராதே என்று தட்டுகளுக்கு முன்னால் நின்றேன்.

அந்த வாரமே எல்லாத் தட்டுகளிலும் வெள்ளையாக, கொழகொழவென்று நிறைந்திருந்தது. பெருக்கித் தள்ளும் அளவுக்கு வளர்ச்சி. மூடியைத் திறந்தால் முட்டம் கடற்கரை நாற்றம்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலிலேயே காத்து நின்றார்.

"மக்களே, உன் கல்லுல உயிரு முளைச்சா?"

"முளைச்சிட்டு அண்ணே" என்றேன்.

அவர் மாதாவுக்கு நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியைத் திணித்து அழுதேன்.