கண் திறந்த இத்தாலிக்காரி

பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பிகள் பளிங்கில் எதைத்தான் விட்டார்கள்? சரிகை, தலைமுடி, கன்னத்துக் கண்ணீர் எல்லாம் செதுக்கினார்கள். ஆனால் பல சிலைகளுக்குக் கருவிழி மட்டும் வைக்க மாட்டார்கள். பழைய கிரேக்க வழக்கத்தைப் பின்பற்றினார்களாம். அவர்கள் பின்பற்றிய வழக்கத்தால் என் வேலை போகப் பார்த்தது.

பிரெஞ்சுக்காரர் தெருவில், பழைய பங்களாவை விடுதியாக்கிய ஓரிடத்தில் நான் வரவேற்பில் இருக்கிறேன். கூடத்தில் அப்படி ஓர் இத்தாலியப் பெண்ணின் மார்பளவுச் சிலை உண்டு. முதலாளி அதை விற்க ஏற்பாடு செய்துவிட்டு, வாங்குபவர் வருவதற்குள் அதற்கு ஏதாவது ஆனால் எனக்கு வேலை இல்லை என்று பாரிசிலிருந்து போனில் சொன்னார்.

அந்த மாதம் பார்த்து மோட்டார் எரிந்தது, ஒரு விருந்தாளி மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். சேதராப்பட்டு கம்பெனி வேலையை விட்டுவிட்டு எங்களிடம் கூட்டிப் பெருக்க வந்த அக்கா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கண்ணு தொறக்காத சிலைய நடு வூட்ல வச்சிக்கினு இருந்தா எப்புடிம்மா வெளங்கும்?"

சமையல்காரரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். சிலைக்கு மையால் கருவிழி வைத்துக் கண் திறக்காவிட்டால் இருவரும் வேலையை விட்டு நின்றுவிடுவதாகச் சொன்னார்கள். மைதானே, பிறகு துடைத்துவிடலாம் என்று சம்மதித்தேன். புத்தி எங்கே போனதோ.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்தோம். கண் திறக்கும் சாமியின் முதல் பார்வையில் மனிதர்கள் நிற்கக் கூடாது. கண்ணாடியும் பசுவும்தான் தெரிய வேண்டும். பசுவைக் கூடத்துக்குள் ஏற்ற முடியாததால், பசு படம் போட்ட பால் பாக்கெட்டைச் சமையல்காரர் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தூக்கிப் பிடித்தார். நான் கண்ணாடியைப் பிடித்தேன். அக்கா பக்கவாட்டில் நின்று தீக்குச்சியால் மை வைத்ததில் ஒரு கண் லேசாக ஒன்றரையாகிவிட்டது.

அவர்கள் போனதும் துடைத்தேன். விளக்கெண்ணெயில் குழைத்த மையைப் பளிங்கு அப்படியே குடித்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வாங்க வந்தவர் ஒரு காபி குடித்துவிட்டுச் சிலையை வாங்காமல் போய்விட்டார். அடுத்த வாரமே முதலாளி வந்து இறங்கினார். கூடத்தில் என்னை நிற்கவைத்துப் பிரெஞ்சில் ஆரம்பித்தார். பாதியில் அவர் பார்வை சிலைமேல் போனது. இடப்பக்கம் நகர்ந்தார், அவள் பார்த்தாள். வலப்பக்கம் நகர்ந்தார், ஒன்றரைக் கண் அங்கேயும் பார்த்தது. கடைசியில் சுவரைப் பார்த்தபடி என்னைத் திட்டினார். அதுவும் சரிப்படாமல் தமிழுக்கு மாறினார்.

"வெளிய வா. பேசணும்."

"எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க முசியே."

வாயைத் திறந்தார். அவளைப் பார்த்தார். மோர் இருக்கிறதா என்று கேட்டார்.

மோரைக் குடித்துவிட்டு வாசலில் அரை மணி நேரம் எனக்காகக் காத்திருந்தார். அன்று நான் மதியச் சாப்பாட்டையும் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.