முப்பது நொடியில் திறக்காத மலை

வேலைக்கு எடுக்கும் முன் ஒரு பெங்களூர் கம்பெனி வைத்த பரீட்சை இது. வெப்சைட்டைத் தானாகச் சோதிக்கும் ஒரு டூலை, அதன் மூல நிரலிலிருந்து நாமே பில்ட் செய்து, அவர்களுடைய வெப்சைட்டில் ஓட்டி, முடிவை இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

எங்கள் ஊர் நாகலூரில் சிக்னல் இல்லை. பஸ் பிடித்து ஏற்காட்டுக்கு வந்து, தெரிந்த பாயின் செல்போன் கடையில் உட்கார்ந்தேன். பில்டுக்கான டவுன்லோடு பாதியில் நின்று நின்று வந்தது.

"சனிக்கிழமை பாரு கண்ணு. டூரிஸ்ட்டு மேல ஏறுனா நெட்டு கீழ எறங்கிரும்" என்றார் பாய்.

மலையில் ரிசார்ட் மேல் ரிசார்ட் வருகிறது. டவர் மட்டும் வருவதில்லை.

ஒருவழியாக பில்ட் முடிந்தது. ஓட்டினால் எல்லாம் சிவப்பு. முப்பது நொடிக்குள் பக்கம் திறக்காவிட்டால் ஃபெயில் என்று கம்பெனி வைத்திருக்கிறது. பாயிடம் சொன்னேன்.

"முப்பத முந்நூறா மாத்திப்போடு கண்ணு. அவீங்களுக்குத் தெரியவா போகுது?"

கை அந்த எண் வரை போய்விட்டது. இந்த வேலை எனக்கு வேண்டும்.

மாற்றவில்லை. சிவப்பை அப்படியே அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "உங்கள் வெப்சைட் எங்கள் மலையில் திறப்பதில்லை."

இன்னும் பதில் இல்லை.

ஆறுதல் சொல்பவர்கள் கமெண்டில் எழுத்தில் மட்டும் சொல்லவும். படம் போட்டால் இங்கே திறக்காது.