ஆட்டுத்தோல் முக்காலிக்குள் இருந்தவை

அக்கா ஜோர்தானிலிருந்து வந்து இறங்கிய அன்று, பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு முக்காலியை மட்டும் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். குட்டையான மூன்று மரக்கால்கள். மேலே மயிர் போகாத ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவள் வீட்டு வேலை செய்த கட்டடத்தில், மேல்மாடியில் வேலைக்கு இருந்த எத்தியோப்பியப் பெண் ஒருத்தி கிளம்பும்போது கொடுத்ததாம்.

"இதையா இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்த?" என்று சிரித்தேன்.

"சிரிக்காத. அது அவ ஊருல இருந்து வந்த சாமான்" என்றாள்.

லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கும் பழைய லயத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். என் கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். நான் டவுனில் போட்டோ கொப்பிக் கடையில் நிற்கிறேன். அக்கா வந்ததும், பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவந்த மகளை அவளிடமே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினேன். மகள் அப்போதுதான் விழாமல் நடக்கப் பழகியிருந்தாள். முக்காலி அவளுக்குக் குதிரையாகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு முக்காலியின் அடியில் தவிட்டு நிறத்தில் தூள் கொட்டத் தொடங்கியது. அக்கா பெருக்கித் தள்ளுவாள், மறுநாளும் கிடக்கும். மரம் உளுத்துப் போகிறது என்று நினைத்தோம். மகளின் தொடையில் சிவப்புச் சிவப்பாகத் தடித்தபோதுகூட, காயாத துணியைப் போட்டுவிட்டதால் வந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு கூட்டும்போது முக்காலியைத் தலைகீழாகத் திருப்பினேன். தோல் மடிந்து மரத்தோடு சேரும் இடத்தில் மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றிருந்தது. விரலால் மடிப்பை விலக்கினேன். உள்ளே நெளிந்தது. ஒன்றல்ல, அந்த மடிப்பு முழுக்க. அரிசி அளவுதான். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் முடி, பின்பக்கம் ஒரு குஞ்சம். வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் தோலுக்கடியில் ஓடி மறைந்தன.

முக்காலியைக் கைவிட்டேன். விழுந்த இடத்தில் இன்னும் சில சிதறி, சுவரோரமாக ஓடின.

அட்டையும் கம்பளிப்பூச்சியும் எனக்குப் புதிதல்ல. குளவிக்குப் பயந்தே வளர்ந்தவள் நான். ஆனால் குளவி கலைந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எப்படிக் குப்புறப் படுப்பது என்று எங்களுக்குத் தெரியும். இது என்ன தின்னும், எங்கே முட்டையிடும், கடிக்குமா, விஷமா, ஒன்றும் தெரியாது. யாரைக் கேட்பது என்பதும் தெரியாது.

அக்கா முக்காலியை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வைத்து மண்ணெண்ணெய் தடவினாள். அதற்குள் அவை வீட்டுக்குள் பரவிவிட்டிருந்தன. கம்பளிச் சட்டையை உதறினால் விழுந்தன. மெத்தையின் தையலில் இருந்தன. கடையில் நிற்கும்போதும் கழுத்தில் ஏதோ ஊர்வதுபோலவே இருக்கும். தட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போய்விட்டன. அந்த வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"எங்க காம்பராவுலயும் வந்திருச்சு. மருமக முழுகாம இருக்கா, தெரியுந்தானே? வெளிநாட்டுப் பூச்சி கொழுந்துல ஏறிச்சுன்னா தோட்டமே நம்மளத்தான் கேக்கும். அத என்னான்னு பாருங்க. இல்லாட்டி நான் ஆபீசுல சொல்லிருவேன்."

அவர் கோபத்தில் பேசவில்லை, பயத்தில்தான் பேசினார். அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

அதற்கு அடுத்த நாள் எனக்கு விடுமுறை. துணிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். ரொட்டித் துண்டு என்று நினைத்தேன். பிறகுதான் ரொட்டி கொடுக்கவே இல்லையே என்று உறைத்தது. வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். என் விரலில் பழுப்பாக, முடியோடு, பாதி நசுங்கிய ஒன்று வந்தது.

அவள் முதலில் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள். கொஞ்ச நேரத்தில் உதடு தடிக்கத் தொடங்கியது. மேலுதடு மூக்கைத் தொடுமளவுக்கு வீங்கியது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டாள்.

அக்கா ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தபடியே இருந்தேன். வளைவுகளில் ஆட்டோ குலுங்கும்போது மூச்சு நின்றுவிட்டதா, குலுக்கல்தானா என்று தெரியாமல் செத்துச் செத்துப் பிழைத்தேன். டாக்டர் சிங்களத்தில் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: என்ன பூச்சி? எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் எந்த மொழியிலும் அதற்கு என்னிடம் பெயர் இல்லை. "ரட்டின் ஆப்பு எகக்" என்று மட்டும் சொன்னேன், வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்று என்று. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஊசி போட்டார்கள். வாயைக் கழுவினார்கள். பக்கத்திலேயே ஒரு நர்ஸ் நின்றார். சாயங்காலத்துக்குள் வீக்கம் வற்றத் தொடங்கியது. அந்த முடிதான் குத்தியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் இரவு தங்கவைத்துப் பார்ப்பதே நல்லது என்றார்.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, முக்காலியையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"எரிக்கப் போறியா?"

"புள்ளயப் பாத்தீல்ல? இன்னும் என்னா கேக்குற?"

அவள் தடுக்கவில்லை. மழைத் தூறலில் நின்றபடி, இவ்வளவு நாளும் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கு அங்க காய்ச்சல் வந்து கெடந்தப்போ அந்த வீட்டு மேடம் புள்ளைகளுக்கு ஒட்டிரும்னு என்னைய பல்கனில படுக்கப் போட்டுட்டாங்க. இதக் குடுத்தவதான் மேல இருந்து கயித்துல பையக் கட்டி சோறு எறக்கினா, மருந்து எறக்கினா. இது அவ அம்மா உக்கார்ந்த முக்காலி. இப்போ அவ நம்பருக்கு எடுத்தா லைன் போகுதில்ல. எங்க இருக்கான்னும் தெரியல்ல." பிறகு மெதுவாக, "நீ எரி. புள்ளதான் முக்கியம்" என்றாள்.

நெருப்புப் பெட்டி கையில் இருந்தது. அவள் சண்டை போட்டிருந்தால் எரித்திருப்பேன்.

முக்காலியை உரச்சாக்கில் போட்டு இறுகக் கட்டினேன். ஒரு ஜாம் போத்தலில் நாலைந்து பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு இருவரும் டவுனில் உள்ள விவசாயக் காரியாலயத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண். போத்தலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தோல், உரோமம் தின்னுற சாதி போலக் கிடக்கு. ஆனா எந்த இனம் எண்டு நான் சொல்ல ஏலாது. மேல அனுப்பிக் கேக்கிறன். பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"பரவாயில்லைங்க. இது தேயிலைக்குப் போகுமாங்க மிஸ்?"

"போகாதெண்டுதான் நினைக்கிறன்."

நினைக்கிறன் என்ற சொல் எனக்குப் போதவில்லை. முக்காலியைப் பொலித்தீனில் காற்றுப் போகாமல் சுற்றி, உறைகுளிரில் இரண்டு கிழமை வைத்தால் முட்டையும் செத்துப்போகும் என்று அவர் சொன்னார். வீட்டு மெத்தையை எரித்துவிடச் சொன்னார்.

எங்கள் லயத்தில் யாரிடமும் அவ்வளவு பெரிய பிரிட்ஜ் கிடையாது. கடைசியில் டவுன் மீன்கடைக்காரரிடம் போய் நின்றோம். பூச்சி என்று சொன்னால் விரட்டிவிடுவார் என்று பயந்தாலும் உண்மையைச் சொன்னேன். அவர் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உசுரோட வெளிய வராதுதானே?"

"வராதுங்க. மூணு சுத்து சுத்திருக்கோம்."

"சரி, பழைய ஃப்ரீசர் ஒண்ணு சும்மா கெடக்கு, அதுல போடுங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க, யாவாரம் படுத்துரும்."

அந்த இரண்டு கிழமையும் வீட்டைக் கழுவியே கழிந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் வந்து, தன் பக்கத்துச் சுவரிலும் எங்கள் பக்கத்துச் சுவரிலும் சுண்ணாம்பு அடித்தார். ஆபீசில் சொல்லவில்லை. மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

முக்காலி திரும்பி வந்தபோது உள்ளே எல்லாம் செத்துத் தூளாகக் கிடந்தன. அக்கா கத்தியால் தோலைத் தானே அறுத்தெடுத்து அடுப்பில் போட்டாள். நாற்றம் தாங்க முடியவில்லை. அவள் நகரவில்லை, அது கருகி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மரச்சட்டத்தைக் கொதிநீரில் கழுவிப் பரணில் வைத்தாள். இப்போது அவள் டவுனில் தையல் கடை ஒன்றுக்குப் போகிறாள். மகள் மறுபடியும் காப்பகத்துக்குப் போகிறாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

எனக்குத்தான் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அவள் எதையாவது மென்றால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். சட்டையை உதறாமல் போடுவதில்லை.

அண்மையில் அந்த அதிகாரியை டவுன் பஸ்ஸில் கண்டேன். மேலே அனுப்பிய பூச்சிகள் வழியிலேயே நசுங்கிவிட்டதால் எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம்.

"இனி வராதுதானே மிஸ்?" என்று கேட்டேன்.

"வராதெண்டுதான் நினைக்கிறன். ஒண்டு கண்டாலும் உடன கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.