ஆ காட்டு

சிறையில் அவருக்கு ‘ஆ அண்ணன்’ என்று பெயர். ஆயுள் கைதி, பதினோரு வருடமாகப் பார்க்க வந்தவர் யாருமில்லை. காசநோய் அறையில் மாத்திரை கொடுப்பது அவர் வேலை. விழுங்கியதும் “ஆ காட்டு” என்பார். நாக்குக்கு அடியிலும் பார்ப்பார். வேலை முடிந்து பொது அறைக்குத் திரும்பினால், மற்றவர்கள் பாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் படுப்பார்கள்.

அப்போது காசநோய் அறையில் இருந்தது ஒரே நோயாளி, கைதியான ஒரு தையல்காரர். சிறை ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து சளி பரிசோதிக்கப் போகும் நான்தான் ஆ அண்ணனிடம் சொன்னேன்: “ரெண்டு மாசமாச்சு, கிருமி குறையவே இல்லண்ணே. மாத்திரை உள்ள போகுதா?”

“என் கண்ணு முன்னாடிதான் முழுங்குறான், தம்பி.” முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் தையல்காரரின் மெத்தையைத் தட்டும்போது அவருக்குப் பொறி தட்டியது. சிறை மெத்தையில் தையல் பல்லை இளிக்கும். இதில் ஒரு ஓரம் மட்டும் புதுச்சட்டைக் காலர் மாதிரி இருந்தது. பிரித்தார். செங்கல் நிற மாத்திரைகள் உதிர்ந்தன. பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் குழியில் ஒதுக்கி வைத்தவை.

“சாகணும்னு வேண்டிக்கிட்டியாய்யா?”

“குணமானா பழைய செல்லுக்கு அனுப்பிடுவாங்கண்ணே. அங்க எனக்குன்னு ஒரு நாதி கிடையாது. இங்கேன்னா நீங்களாவது தினம் என் மூஞ்சியப் பாக்குறீங்க.”

“மூஞ்சிய எங்க பாத்தேன்? உன் ஓட்டப்பல்லத்தான் பாத்தேன். அதையும் கோட்டை விட்டுட்டேன்.”

தையல்காரர் சிரித்தார், இருமினார். மறைத்தது தெரிந்தால் தொலைதூரச் சிறையில் தனியறை. மறைத்துக்கொண்டே போனால் மருந்து கேட்காமல் போய்விடும். ஆ அண்ணன் முடிவெடுக்க அரைநாள் பிடித்தது. பிறகு அவரே டாக்டரம்மாவிடம் போனார்.

“தப்பு என்னோடதும்தாம்மா. ஒரு மாசம் இங்கேயே விடுங்க. முழுங்கினதும் பத்து நிமிஷம் பேச வைக்கிறேன். வாயில ஒதுக்கிக்கிட்டுப் பேச முடியாதில்ல?”

மருந்து இன்னும் கேட்கிறது என்று பரிசோதனை சொன்னதால், டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து ஜன்னலோரம், முகக்கவசத்தோடு இருவரும் உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் அரைமணி ஆயிற்று. துணி வெட்டுவது, பொத்தானுக்குக் காஜா எடுப்பது, விட்டுப்போன மனைவி என்று பேச்சு போனது. அடுத்த மாதம் சளி தடவிய என் கண்ணாடித் துண்டில் கிருமி இல்லை; மருந்து முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. புதிதாகத் தொடங்கிய மருந்து முடிந்த ஆறாம் மாதக் கடைசியில் தையல்காரரைப் பழைய செல்லுக்கு அனுப்பினார்கள். அது வேறு கட்டடம். ஆ அண்ணன் போக முடியாது.

அன்று மதியம் நான் போனபோது, அவர் காலிக் கட்டிலுக்கு எதிரே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு சளி எடுக்க ஆளில்ல, தம்பி.”

“தெரியும்ணே.”

“அவசரமா?”

“இல்ல.”

“காஜா எப்படி எடுக்கணும்னு தெரியுமா உனக்கு?”

நான் உட்கார்ந்தேன்.