இரண்டும் இடது கால் ஷூ

குர்ஷித் பாயின் உடம்பில் பதினோரு தழும்புகள் உண்டு. பதினொன்றுக்கும் கல்யாணப் பெயர்கள். இடது புருவத்துக்கு மேலே இருப்பது டீக்கடை ரஹ்மத்துல்லா வீட்டு மூத்த பெண் நிக்காஹ். பிளந்த கட்டையிலிருந்து சிலாம்பு தெறித்து வந்து உட்கார்ந்தது. வலது முட்டிக்குக் கீழே வாணியம்பாடி வக்கீல் வீட்டு வலீமா விருந்து. கால் சுண்டுவிரல் நகம் பேரணாம்பட்டு இரட்டைக் கல்யாணத்தில் போனது. “அந்த வக்கீல் வீட்டு விசேஷம் நடந்து எத்தினி வருஷம் இருக்கும் பாய்?” என்று யாராவது கேட்டால், லுங்கியை முழங்கால் வரை தூக்கி, தழும்பின் நிறத்தைப் பார்த்துவிட்டு, “ஆறு” என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆம்பூரில் கல்யாணம் என்றால் பிரியாணி, பிரியாணி என்றால் விறகு அடுப்பு. விறகு என்றால் இருபத்திரண்டு வருஷமாகக் குர்ஷித் பாய்தான். சமையல் மாஸ்டர் முஜாஹித் எங்கே பிரியாணி அண்டாவான தேக்சாவை ஏற்றினாலும் இவர் கோடாலியோடு அங்கே இருப்பார். பற்றவைக்க விரல் கனம், கொதிக்க மணிக்கட்டு கனம், தம் போடும்போது மூடிமேல் வாரிப் போடும் தணலுக்குத் தொடை கனம் என்று கேட்ட கனத்தில் பிளந்து கொடுப்பார். கட்டையின் ரேகையை ஒருமுறை தடவிப் பார்த்து, ஓங்கி ஒரே போடு. புளியங்கட்டை ‘படார்’ என்று இரண்டாகிற அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு கிறுக்குச் சந்தோஷம். நாற்பத்தாறு வயதிலும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். தனியாகச் சிரிக்கிற ஆளைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை.

கவலை முழுவதும் அவர் மனைவி தபஸ்ஸுமுக்கு. அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். பதினோராவது தழும்புக்கு ஏழு தையல் போட்டுக்கொண்டு நொண்டியபடி வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, அவள் ஒரு தீர்ப்பு சொன்னாள்.

“இந்தக் கோடாலியால இனி ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சின்னா, அது பழைய இரும்புக்காரன் கிட்ட போய்டும். நீங்க ராணிப்பேட்டைல என் தம்பி நவீத் வேல பாக்கற கம்பெனிக்கு வாட்ச்மேனா போய்டுவீங்க. ஒத்துக்கிறீங்களா?”

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. ஒத்துக்கொள்ளாமல் உள்ளே போக வழியில்லை. ஒத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் வேலையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, லாரி வந்தால் கேட்டைத் திறந்து, போனால் மூட வேண்டும். ‘அதுக்கு ஒரு கயிறு போதுமே, மனுஷன் எதுக்கு?’ என்று ஒரு வாரம் புலம்பினார்.

தபஸ்ஸுமின் தம்பி நவீத்துக்கு மனசு கேட்கவில்லை. அவன் ராணிப்பேட்டையில் பாதுகாப்பு ஷூ செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். விரலுக்கு மேலே இரும்புத் தொப்பி வைத்த கறுப்பு ஷூ இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

“தூலாபாய், இதைப் போட்டுக்கினு வெட்டுங்க. லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆவாது” என்றான் அக்கா புருஷனிடம்.

குர்ஷித் பாய் ஆசையாக இடது காலை விட்டார், கனகச்சிதம். வலது காலை விட்டார். கால் கேள்விக்குறி மாதிரி வளைந்தது.

“டேய், இன்னாடா இது, ரெண்டும் லெப்டு?”

“சாம்பிள் தூலாபாய். வாங்க வர்ற பையருக்கு காட்ட ஒரு காலுதான் செய்வோம். ஜோடியா வெச்சா எவனாச்சும் மாட்டிக்கினு போய்ட மாட்டானா?”

உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஊர்க்காரருக்கு இரண்டு இடது கால்! நியாயமான மனிதன் திருப்பிக் கொடுத்திருப்பான். குர்ஷித் பாய், ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து பார்த்தார். வலது பக்கமாகப் போக நினைத்தால் உடம்பு இடது பக்கமாகவே இழுத்தது. நவீத் பின்னாலேயே ஓடிப் பாடம் எடுத்தான். காம்பில் கோடாலி ஆடுகிறதா என்று முதலில் பார்க்கணும். காலை அகட்டி நிற்கணும். கட்டையை அடிக்கட்டைமேல் நிற்க வைக்கணும், காலால் மிதித்துப் பிடிக்கக் கூடாது. கண்ணாடி போடணும்.

“எல்லாம் தெரியும்டா” என்றார் பாய். பதினோரு தழும்புகளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த கல்யாணம் பைபாஸ் ஓரத்து மண்டபத்தில். எட்டு தேக்சா. காலை ஏழு மணிக்கு மண்டபத்தின் பின்வாசலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் கண்ணாடியும் இரண்டு இடது கால் ஷூவுமாகக் குர்ஷித் பாய் வந்து நின்றபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“பாய், சந்திரனுக்கு ராக்கெட் எத்தினி மணிக்கு?” என்றார் மாஸ்டர் முஜாஹித்.

“சிரிங்க, சிரிங்க. ஒரு சொட்டு ரத்தம் வராது பாருங்க.”

ஒரு மணி நேரம் நவீத் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகு ஷூ அவர் தலைக்கு ஏறிவிட்டது. வெறுங்காலோடு இருந்தபோது இருந்த பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ‘லாரி ஏறினாலே ஒண்ணும் ஆவாதாம், கோடாலி இன்னா பண்ணும்?’ என்று ஒரு திமிர். கணு விழுந்த புளியங்கட்டை ஒன்று அடிக்கட்டைமேல் நிற்காமல் உருண்டு உருண்டு படுத்தது. அதைத் தரையில் கிடத்தி, வலது காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஓங்கினார்.

கோடாலி கணுவில் பட்டு வழுக்கியது. ‘டணால்!’

அண்டாவில் கல் விழுந்த மாதிரி சத்தம். குர்ஷித் பாய் குனிந்து பார்த்தார். தோல் கிழிந்திருந்தது, இரும்புத் தொப்பி நசுங்கியிருந்தது. வலி மட்டும் இல்லை. ஆனால் ஷூவைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. மூன்று பேர் இழுத்தார்கள். ஆள் வந்தார், ஷூ வரவில்லை.

“குர்ஷித் பாய் காலு மாட்டிக்கிச்சு!” என்று மாஸ்டர் போட்ட சத்தம் சமையல்கட்டைத் தாண்டும்போது “காலு போச்சு” ஆனது. பந்தி ஹாலில் “ரெண்டு காலும்” ஆனது. பெண்கள் ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது யாரோ, சாகக் கிடப்பவர்களுக்காக ஓதும் யாசீனை ஓத ஆரம்பித்திருந்தார்கள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த தபஸ்ஸும் அங்கேதான் இருந்தாள். வாசலில் குவிந்து கிடந்த இருநூறு ஜோடிச் செருப்புகளில் தன்னுடையதைத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. பட்டுப் புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு மண்டபத்தைச் சுற்றி ஓடி வந்தாள். கூட்டத்தை விலக்கினாள். உட்கார்ந்திருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். உயிர் இருக்கிறது. அடுத்த பார்வை ஷூவுக்கு.

“எல்லாரும் இழுக்கறத நிறுத்துங்க. தையலைப் பிரிச்சா தானா வந்துடும். சின்ன கத்தி குடுங்க மாஸ்டர்.”

வெங்காயக் கத்தியால் பின்பக்கத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். தினமும் நூற்றுக்கணக்கில் தைக்கிற கைக்குப் பிரிக்கவும் தெரிந்திருந்தது. ஷூ இரண்டாக விரிந்தது. அவர் காலைத் தன் மடியில் வைத்து விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

“ஏக்... தோ... தீன்... சார்... பாஞ்ச்.”

ஐந்தும் இருந்தன. வெங்காயக்காரர்கள் கை தட்டினார்கள்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!” என்றார் மாஸ்டர்.

குர்ஷித் பாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காலில் ஷூவும் மறு காலில் ஒன்றுமில்லாமலுமாக எழுந்து, கோடாலியைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

“பாத்தீங்களா? ஒரு சொட்டு இல்ல! வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு உன் தம்பிய!”

இரண்டாவது சுற்றில்தான் சிமென்ட் தரையில் அந்தச் சிவப்பைப் பார்த்தார். தன் காலைத் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இன்னொரு சொட்டு, அதற்கு அப்பால் இன்னொன்று. அவர் காலையிலிருந்து பிளந்து போட்ட சிலாம்புகள் முற்றம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே தபஸ்ஸும் ஓடிவந்த வழியெல்லாம் ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்து, அவள் குதிகாலில் முடிந்தது. அரை விரல் நீளத்துக்குப் புளியஞ்சிலாம்பு ஏறியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

பாய்க்கு ஆட்டம் நின்றது. கீழே உட்கார்ந்தார். அத்தனை பேர் பார்க்க, மனைவியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இருபத்துநான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. சிலாம்பை இழுத்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், “அல்லா!” என்று கத்தியது அவர்தான். மாஸ்டர் மஞ்சளும் துணியும் கொண்டு வந்தார். கட்டுப் போட்டு முடித்ததும் குர்ஷித் பாய் கோடாலியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

“எடுத்துக்கினு போ. ரத்தம் வந்துடுச்சி.”

“இது என் ரத்தம்.”

“அதான் சொல்றேன். என்னுதா இருந்தா ஏதாச்சும் சொல்லி சமாளிப்பேன்.”

அவள் கோடாலியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பதினோரு தடவை ரத்தம் சிந்திவிட்டு வந்தபோதெல்லாம் இளித்துக்கொண்டே நின்ற முகம், இப்போது அழுதுவிடும் போல இருந்தது. சண்டை போட வாயெடுத்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது.

“எட்டு தேக்சாவும் பச்சையா நிக்குது. அத என் தம்பியா வந்து வேக வெப்பான்? மொதல்ல இந்த சிலாம்ப எல்லாம் கூட்டுங்க.”

குர்ஷித் பாய் துடைப்பம் எடுத்தார். முற்றம் முழுக்கக் கூட்டினார். கூட்டியதை அடுப்பில் கொட்டினார். பிறகு குனிந்து, கையாலும் தடவிப் பார்த்தார். தபஸ்ஸும் நாற்காலியில் உட்கார்ந்து, “அதோ அங்க ஒண்ணு” என்று காட்டிக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பேஜாராகிப் புலம்பியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் கணு விழுந்த அதே கட்டையை ஆப்பு வைத்து அடிக்கட்டைமேல் நிறுத்தினார். எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். கோடாலியைக் கையில் எடுத்தவர், ஓங்காமல் நின்றார்.

“இன்னாங்க, வெட்டுங்க” என்றாள் தபஸ்ஸும்.

“மொதல்ல நீ செருப்பு போடு.”

மாஸ்டரே எழுந்து போய், அவள் சொன்ன அடையாளத்தை வைத்து இருநூறு ஜோடியில் தேடி எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தார். அவள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் குர்ஷித் பாய் கோடாலியை ஓங்கினார்.