என்னைக் கேட்காமல் ரிப்பேர் கூடாது

எருமப்பட்டியில் தனியாக இருக்கும் கோகிலவாணிக்குக் கணவர் விட்டுப்போன வீடு ஒன்று சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தது. அதற்கு ஆள் பிடித்து, வாடகை வாங்கி, ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை அவள் கணக்கில் போடுவது புரோக்கர் சலீமின் வேலை. குழாய் ஒழுகினாலும் மோட்டார் மக்கர் செய்தாலும், அவளைக் கேட்காமல் அவன் கைவைக்க மாட்டான்.

"கொழாய்ல வாசர் போயிருச்சுங்கம்மா, மாத்தட்டுங்களா?"

அவள் லேசில் விடமாட்டாள். பிளம்பர் யார், குழாய் என்ன கம்பெனி என்று தொடங்கி, குடியிருக்கும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு இது எத்தனையாவது மாதம் என்பது வரை கேட்டுவிட்டுத்தான் சரி என்பாள். டெல்லியில் இருக்கும் மகன் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் அனுப்புவதோடு சரி. அவள் போன் மணியடித்தால் அது சலீம்தான்.

போன வாரம் அவன் சொன்னான்: "இனிமே சில்லறை ரிப்பேருக்கெல்லாம் உங்களத் தொந்தரவு பண்ணலீங்கம்மா. நானே பாத்துட்டு, மாசக் கடைசில பில்லை அனுப்பிர்றேன்."

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது.

"அது என்ற ஊடு. ஒரு ஆணி அடிக்கறதா இருந்தாலும் என்னையக் கேட்டுட்டுத்தான் அடிக்கோணும்!"

சலீம், "இத்தன வருசத்துல ஒரு ரூவா ஏமாத்துனதில்லீங்கம்மா. எம் மேல நம்பிக்க இல்லீங்களா?" என்றான்.

அவன் அனுப்பிய பில் எதையும் அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லிவிட்டால், அப்புறம் எதற்கு அவன் போன் செய்யப்போகிறான்?

"இல்லீன்னே வெச்சுக்க சாமி" என்றாள்.