‘டவர் வந்துச்சு’: நாற்பத்தொரு நிமிடச் செய்தி

ஆகஸ்ட் 12, காலை 7.05. ஜமுனாமரத்தூரில் தூறல், எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியாத மூடுபனி. தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, சென்னையில் உள்ள ஒரு தொழில்நுட்பச் செய்தித் தளத்துக்கு மலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். அன்று தளத்தைத் திறந்தால் என் பெயரில் ஒரு செய்தி: ‘புளியங்காட்டுக்கு வந்தது செல்போன் டவர்! மலை மக்கள் மகிழ்ச்சி’. கீழே நான்கு பத்திகள். அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

நான் அனுப்பியது இதற்கு நேர் எதிர். டவரே இல்லாத புளியங்காட்டில் எப்படிப் போன் பேசுகிறார்கள் என்ற கட்டுரை. கூடவே வார்டு உறுப்பினர் காளியம்மாளின் குரல் பதிவையும் இணைத்திருந்தேன். “நேத்து மழ வுட்டதும் எங்க வூட்டாண்டயே டவர் வந்துச்சு சார், ரெண்டு கோடு. அலோன்றதுக்குள்ள போய்ட்ச்சு” என்று அதில் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எங்கள் பக்கத்தில் சிக்னலுக்கும் டவர் என்றுதான் பெயர். இங்கே டவர் கிடைக்குதா என்று கேட்டால் யாரும் அண்ணாந்து இரும்புக் கம்பத்தைத் தேட மாட்டார்கள்.

ஆசிரியர் பிரவீணைப் போனில் பிடித்தேன். என் மகனைவிடச் சின்னவர்.

“கட்டுரைய விட்டுட்டு ஆடியோவ மட்டும் சாஃப்ட்வேர்ல போட்டோம் சார். நியூஸ், ஹெட்லைன் எல்லாம் அதுவே எழுதிக் குடுத்துச்சு.”

“போய்ட்ச்சுன்னு அந்தம்மா சொல்றது அதுக்குக் கேக்கலியா?”

“பேச்சுவழக்கு சார். மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

“மெஷின வுடுப்பா. எனக்குப் போன் கெடைக்கலன்னா, ‘அங்க டவர் இல்லையா சார்’னு நீதானே கேப்ப?”

6.30க்கு ஏறிய செய்தி 7.11க்கு இறங்கியது. நாற்பத்தொரு நிமிடம். போனது சனியன் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்குக் காளியம்மாள், ஊரில் சிக்னல் கிடைக்கும் பாறை மேலேறிப் போனில் கூப்பிட்டார். டவர் வைக்க இடம் பார்க்கும் ஒரு கம்பெனியின் சர்வேயர், புளியங்காட்டையும் தன் பட்டியலில் எழுதியிருந்தார். பட்டியல் அன்று மாலை மேலிடத்துக்குப் போக வேண்டும்.

“இன்னா சார் பண்ணி வச்சீங்க? லிஸ்ட்லேர்ந்து எங்க ஊர அடிச்சிட்டேன்றாரு. உங்களுக்குத்தான் டவர் வந்துட்ச்சாமேன்றாரு. எங்க சார் நிக்குது அது? எங்க புளியமரத்து மேலயா?”

“செய்தியத் தூக்கிட்டாங்கம்மா.”

“நீங்க தூக்கினது அவுருக்குத் தெரியுமா? போன மழக்கி பாம்பு கடிச்ச பையனுக்கு 108ஐக் கூப்பிட இந்தப் பாறையிலதான் ஏறினோம். தெரியும்ல?”

தெரியும். அதை நான்தான் கட்டுரையில் எழுதியிருந்தேன். சர்வேயரைப் பார்க்கப் பத்து மணி பஸ்ஸைப் பிடித்துப் போளூர் போனேன். வழியில் எத்தனை வளைவு என்று எண்ணக்கூட மனம் ஓடவில்லை. பஸ் நிலையத்து டீக்கடையில் சர்வேயர் தன் போனைக் காட்டினார். அதில் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், என் பெயரோடு.

“இது தப்புச் செய்திங்க. நீக்கியாச்சு, பாருங்க” என்று என் போனைக் காட்டினேன். ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வந்தது.

“பக்கம் இல்லன்னுதானே சார் இருக்கு? டவர் இல்லன்னு இல்லயே. சர்வர் படுத்திருந்தாலும் இப்படித்தான் வரும். எழுத்துல ஏதாவது குடுங்க, சேத்துடறேன்.”

அவர் கேட்டது நியாயம். அங்கிருந்தே பிரவீணைக் கூப்பிட்டேன்.

“திருத்தம் போட்டா நாம தப்பு பண்ணது தெரிஞ்சிடும் சார். இப்ப யாருக்கும் தெரியாது.”

“இங்க ஒருத்தருக்குத் தெரியும்பா. அவரு கையிலதான் பட்டியல் இருக்கு.”

“ஸ்கிரீன்ஷாட்டுக்கு நாங்க பொறுப்பில்ல சார். தூக்கியாச்சு, விடுங்க.”

கட்டுரை ஏற்ற எனக்கும் தளத்தில் ஒரு லாகின் உண்டு. வெளியிடும் முன் ஆசிரியரைக் கேட்க வேண்டும் என்பது விதி. டீ ஆறுவதற்குள், அந்தச் செய்தி இருந்த அதே முகவரியில் மூன்று வரி ஏற்றினேன்: ‘புளியங்காட்டில் செல்போன் டவர் இல்லை. இங்கு இன்று காலை வெளியான செய்தி தவறு. ஊரார் சிக்னலைத்தான் டவர் என்றார்கள்.’

சர்வேயர் உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். “எங்க வூட்லயும் அப்டித்தான் சார் சொல்லுவாங்க” என்றபடி புளியங்காட்டைத் திரும்ப எழுதினார். அடுத்த வாரம் மலையேறி வந்து அளந்து கல் நட்டார். டவர் இன்னும் வரவில்லை.

மாலைக்குள் என் லாகினை மூடிவிட்டார்கள். திருத்தத்தை மட்டும் ஏனோ எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செய்தியை நீக்குவது நம் முகத்தைத் துடைத்துக்கொள்வது மட்டுமே. படித்தவர் மனதில் அது அப்படியே இருக்கும். எங்கே தவறாகச் சொன்னோமோ, அங்கேயே சரியானதையும் சொல்ல வேண்டும்.

அந்த மாதம் எழுதிய ஒன்பது கட்டுரைகளுக்கு, ஒன்றுக்கு அறுநூறு வீதம், தளத்திலிருந்து வராமல் போனது ஐயாயிரத்து நானூறு. பஸ்ஸுக்குப் போக வர நூற்றுப் பத்து. சர்வேயருக்கும் எனக்கும் டீ இருபத்து நான்கு. ஆக மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூற்று முப்பத்து நான்கு ரூபாய்.